அலுவலகக் கணினிகள்: எதை மாற்ற வேண்டும், எதை மாற்ற வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பினாங்குத் தீவிலும் பெருநிலத்திலும் உள்ள கணக்காய்வு அலுவலகங்கள், பட்டர்வொர்த் பக்கம் இருக்கும் சரக்கு முகவர் நிலையங்கள், கிளினிக் முகப்புகள், கடைவீடுகளின் மாடியில் இயங்கும் சிறு கம்பெனிகள் என்று எங்கே போனாலும் ஒரே புகார்தான்: கணினி நகர மாட்டேன் என்கிறது. வேலை செய்பவர் புதிது கேட்கிறார். முதலாளி, ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, இன்னும் ஒரு வருடம் பார்ப்போம் என்கிறார். இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு. ஆனால் கணினியில் எந்தப் பாகம் மெதுவாக இருக்கிறது என்ற கேள்வியை இருவருமே கேட்பதில்லை. அதைக் கேட்டுவிட்டால் சில கணினிகளை ஒரு சிறு பாகத்தோடு காப்பாற்றிவிடலாம். வேறு சிலவற்றுக்கு ஒரு காசு செலவழிப்பதும் வீண் என்பது தெரிந்துவிடும்.

பார்க்க வேண்டிய இடம் ஒன்றுதான். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போங்கள். சிபியு (கணக்கிடும் சிப்), மெமரி (ரேம் எனப்படும் தற்காலிக நினைவகம்), டிஸ்க் (கோப்புகள் சேமிக்கப்படும் இடம்) என்று மூன்று படங்கள் ஓடும். வேலை சிக்கி நிற்கும் அந்த நேரத்தில் பார்த்தால்தான் பயன். மதியம் சும்மா இருக்கும்போது பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். மூன்றில் எது 100 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறதோ அதுவே முதல் குற்றவாளி. திரையைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள், பிறகு தேவைப்படும்.

பழைய கணினிகளில் பெரும்பாலும் டிஸ்க் படம்தான் உச்சியில் நிற்கும். அதைச் சற்று நெருங்கிப் பாருங்கள். மேலே 100 விழுக்காடு என்று இருக்கும், கீழே படிக்கும் வேகம் நொடிக்கு 1 அல்லது 2 எம்பி மட்டுமே இருக்கும். முழு மூச்சாக உழைத்தும் இவ்வளவுதானா என்று தோன்றும். காரணம் இயந்திரத்திலேயே இருக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க் என்பது சுழலும் தட்டு. நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால் நொடிக்கு 120 சுற்று, ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி. தேவையான இடம் ஊசிமுனைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு முன் ஊசிமுனை சரியான தடத்துக்கு நகர வேறு 8, 9 மில்லிநொடி. மொத்தத்தில் ஒரு துண்டைப் படிக்க ஏறக்குறைய 13 மில்லிநொடி, அதாவது நொடிக்கு 80 துண்டுகூட இல்லை. துண்டு ஒன்று 4 கேபி என்று வைத்தால் நொடிக்கு 300 கேபி சொச்சம். விண்டோஸ் எழும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை இங்கொன்றும் அங்கொன்றுமாகப் படிக்கிறது. கூடவே வைரஸ் காவல் நிரல், அப்டேட், மின்னஞ்சல் எல்லாம் அதே ஊசிமுனைக்காக வரிசையில் நிற்கின்றன. முகப்பில் இருப்பவர் ஒன்றும் திறக்கவில்லையே என்று மூன்று முறை தட்டுகிறார். இரண்டு நிமிடம் கழித்து மூன்று சாளரம் திறக்கிறது. எதிரே நோயாளி காத்திருக்கிறார். மடிக்கணினிகளில் தட்டு பெரும்பாலும் 5,400 சுற்றுதான் என்பதால் நிலைமை இன்னும் மோசம்.

எஸ்எஸ்டி என்பது சிப்புகளில் தரவைச் சேமிக்கும் டிஸ்க், அதில் சுழலும் தட்டு கிடையாது. ஒரு துண்டைப் படிக்க 0.1 மில்லிநொடி அளவே ஆகும். அதனால்தான் சிபியுவையும் ரேமையும் தொடாமல் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் மாற்றினாலே கணினி வேறு கணினி போல ஆகிவிடுகிறது. விண்டோஸ் இன்னும் சுழலும் தட்டிலிருந்து எழும் நிலையில் இனி எந்த அலுவலகக் கணினியும் இருக்கக் கூடாது. இதில் எங்களுக்கு இரண்டு கருத்து இல்லை.

மாற்றும் வேலை பெரிதல்ல, ஆனால் தவறு நடக்கும் இடங்கள் தெரிந்திருக்க வேண்டும். மேசைக் கணினியில் 2.5 அங்குல சாட்டா (டிஸ்க்கை மதர்போர்டு என்ற முதன்மைப் பலகையோடு இணைக்கும் முறை) எஸ்எஸ்டி, ஒரு சாட்டா கேபிள், பவர் சப்ளையில் காலியாக ஒரு சாட்டா முனை, 3.5 அங்குலப் பெட்டியில் பொருத்த ஒரு பிராக்கெட், இவை போதும். மதர்போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 வடிவம் வாங்குவதானால் கவனம் தேவை. வெளித்தோற்றம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தாலும் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு வகை உண்டு. சில மதர்போர்டுகளின் எம்.2 முனை சாட்டாவை மட்டுமே ஏற்கும், சில என்விஎம்இயை மட்டுமே ஏற்கும். கையேட்டைப் பார்க்காமல் வாங்கி, கணினி டிஸ்க்கையே காணவில்லை என்று திருப்பிக் கொண்டுவருபவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

பழைய டிஸ்க்கில் இருப்பதை அப்படியே நகல் எடுக்க குளோன்சில்லா போன்ற இலவச நிரல் உண்டு. ஆனால் அது இயல்பாகவே புது டிஸ்க் பழையதன் அளவுக்காவது இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் 150 ஜிபி மட்டுமே நிரம்பியிருந்தாலும் 256 ஜிபி எஸ்எஸ்டிக்கு நகல் எடுக்க, முதலில் டிஸ்க்கில் பிரித்து வைத்திருக்கும் பகுதியை, அதாவது பார்ட்டிஷனைச் சுருக்க வேண்டும். அதற்கும் முன்னால் செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற நிரலைப் போட்டுப் பழைய டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். மஞ்சளில் எச்சரிக்கை காட்டினால் நகல் எடுக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, தேவையான கோப்புகளை உடனே வெளியே எடுத்து, எஸ்எஸ்டியில் விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கை மணிக்கணக்கில் முழுதாகப் படிக்கச் சொன்னால் அந்த வேலையிலேயே அது போய்விடும். இரண்டு, டிஸ்க்கில் இருப்பதைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கையில் எழுதி வைத்த பிறகே திருப்புளியை எடுக்க வேண்டும். அது இல்லாமல் பயாஸில் (விண்டோஸ் எழும் முன் ஓடும் அடிப்படை அமைப்பில்) ஏதாவது மாற்றிவிட்டால் சொந்தக் கணினிக்குள்ளேயே நுழைய முடியாமல் போகும். இதையெல்லாம் ஊழியர் தாமாகச் செய்ய வேண்டாம். கணினி கம்பெனிச் சொத்து, உள்ளே வாடிக்கையாளர் விவரம் இருக்கிறது.

அடுத்தது மெமரி. டாஸ்க் மேனேஜரில் மெமரி 85, 90 விழுக்காட்டில் நின்றால் ரேம் போதவில்லை. விண்டோஸ் 11இன் குறைந்தபட்சத் தகுதி 4 ஜிபி என்று மைக்ரோசாஃப்ட் சொன்னாலும், 4 ஜிபியில் அது எழுந்து நிற்கும், அவ்வளவுதான். இரண்டு எக்செல் கோப்பு, கணக்கு மென்பொருள், பிரவுசரில் பத்து டேப், வாட்ஸ்அப் என்று ஓடும் மேசைக்கு 8 ஜிபி அடிமட்டம், 16 ஜிபி நிம்மதி. ரேம் நிரம்பினால் மிச்சத்தை விண்டோஸ் டிஸ்க்கில் எழுதி எழுதிப் படிக்கும். அந்த டிஸ்க்கும் சுழலும் தட்டாக இருந்தால் இரண்டு நோயும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். அதே மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட், எத்தனை காலி என்ற விவரமும் இருக்கிறது. இரண்டில் ஒன்று காலி என்றால் அதே வகையில் இன்னொன்று சேர்த்தால் போதும். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஒன்றுக்கொன்று பொருந்தாது, வெட்டு இடமே மாறியிருக்கும். மெமரி விலை 2025 இறுதியிலிருந்து கடுமையாக ஏறியிருக்கிறது. ஆகவே ரேம் வாங்கும் முன் அடுத்த பத்தியைப் படித்துவிடுங்கள்.

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. அந்தக் கணினிகள் நின்றுவிடவில்லை, வழக்கம் போலவே ஓடுகின்றன. நீட்டிப்பு வாங்காவிட்டால் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வருவதில்லை. சம்பளப் பட்டியலும் வாடிக்கையாளரின் அடையாள அட்டை நகலும் இருக்கும் கணினியில் அது பெரிய ஓட்டை. எனவே டிஸ்க்கோ ரேமோ வாங்கும் முன், இந்தக் கணினி விண்டோஸ் 11ஐ ஏற்குமா என்பதைப் பார்த்துவிட வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். டாஸ்க் மேனேஜரின் சிபியு பக்கத்தில் மேலே பெயர் இருக்கும். ஐ5 என்பதற்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 8250 என்றால் 8ஆம் தலைமுறை, 7500 என்றால் 7ஆம் தலைமுறை. எண் 1இல் தொடங்கினால் முதல் இரண்டு இலக்கத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: 10400 என்றால் 10ஆம் தலைமுறை, 1135 என்றால் 11. ஏஎம்டி சிப்புக்கு எண்ணை மட்டும் நம்ப முடியாது, மைக்ரோசாஃப்ட் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

8ஆம் தலைமுறைக்கு மேற்பட்ட கணினியையும் விண்டோஸ் 11க்குத் தகுதி இல்லை என்று மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் நிரல் சொல்வதுண்டு. உடனே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி சிப்பிலேயே இருந்தும் பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். இன்டெலில் பிடிடி என்ற பெயரிலும் ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரிலும் அது இருக்கும், இயக்கினால் போதும். லெகசி என்ற பழைய தொடக்க முறையில் விண்டோஸ் போட்டிருந்தால் யுஇஎஃப்ஐ என்ற புதிய முறைக்கு மாற்ற வேண்டியிருக்கும். அதற்கு எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி விண்டோஸிலேயே இருக்கிறது. பேக்அப் எடுத்த பிறகு மட்டும் அதைத் தொடுங்கள்.

7ஆம் தலைமுறையும் அதற்கு முந்தையதும் என்றால் எங்கள் கருத்து இதுதான்: ரேம் வாங்க வேண்டாம். குறிப்பாக டிடிஆர்3 ரேமுக்குப் பணம் போட வேண்டாம், அடுத்த கணினிக்கு அது பயன்படாது. சாட்டா எஸ்எஸ்டியை மட்டும் வாங்கலாம், நாளைக்குக் கழற்றி இன்னொன்றில் போட்டுக்கொள்ள முடியும். தகுதி இல்லாத கணினியில் விண்டோஸ் 11ஐச் சுற்றுவழியில் ஏற்றித் தருகிறேன் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் வரும் என்ற உத்தரவாதத்தை மைக்ரோசாஃப்ட் தருவதில்லை. அலுவலகத்துக்கு அது சரிப்படாது. நிறுவனங்கள் பணம் கட்டி விண்டோஸ் 10இன் பாதுகாப்புத் திருத்தங்களுக்கு நீட்டிப்பு வாங்கலாம்: ஒரு கணினிக்கு முதல் ஆண்டு 61 அமெரிக்க டாலர், இரண்டாம் ஆண்டு 122, மூன்றாம் ஆண்டு 244. இரண்டாம் ஆண்டில் வந்து சேர்ந்தாலும் முதல் ஆண்டுக்கும் சேர்த்தே கட்ட வேண்டும். மூன்று ஆண்டுக்கும் கட்டினால் 427 டாலர். அந்தப் பணத்தைப் பத்து வயதுக் கணினிக்குக் கட்டுவதில் நியாயம் இல்லை.

டிஸ்க்கும் மெமரியும் சரியாக இருந்தும் மெதுவாக இருக்கிறது என்றால் வேறு காரணங்களைத் தேட வேண்டும். சிபியு பக்கத்தில் அப் டைம் என்று, விண்டோஸ் கடைசியாகப் புதிதாகத் தொடங்கியதிலிருந்து ஆன நேரத்தைக் காட்டும் ஒரு எண் ஓடும். தினமும் மாலையில் ஷட் டவுன் செய்கிற கணினியிலும் அது 30, 40 நாள் காட்டுவதைப் பார்க்கலாம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும்போது ஷட் டவுன் என்பது முழு அணைப்பு ஆகாது, விண்டோஸின் மையப்பகுதியை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு மறுநாள் அதையே எழுப்பும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் உண்மையில் புதிதாகத் தொடங்கும். வாரத்துக்கு ஒரு முறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். செலவு எதுவும் இல்லை.

மடிக்கணினியில் சிபியு வேகம் 0.8 கிகாஹெர்ட்ஸ் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு, என்ன வேலை கொடுத்தாலும் ஏறாமல் நின்றால் சார்ஜரைப் பாருங்கள். தொலைந்த சார்ஜருக்குப் பதிலாகக் குறைந்த வாட் சார்ஜரோ வேறு கம்பெனிச் சார்ஜரோ செருகியிருந்தால், மின்சாரம் போதாது என்று சில கணினிகள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேலை கொடுத்த சில நிமிடங்களில் வேகம் ஏறி, பிறகு இறங்கினால் அது சூடு. நம் ஊர் வெப்பத்துக்கும் ஈரக்காற்றுக்கும் சாலையோரத் தூசு விசிறியில் களிம்பு போல ஒட்டிக்கொள்ளும். சாமி மாடத்துக்குக் கீழே வைத்த கணினியில் ஊதுபத்திச் சாம்பலும் எண்ணெய்ப் பிசுக்கும் சேரும். காற்றடித்துச் சுத்தம் செய்யும்போது விசிறி இறக்கையைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும், சுழல விட்டால் பேரிங் கெடும். ஐந்தாறு ஆண்டு ஆன கணினியில் சிபியு மேலுள்ள, சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், அதையும் புதிதாக வைக்கச் சொல்லுங்கள்.

அலுவலகத்தில் எல்லாக் கணினியும் ஒரே மென்பொருளில் மட்டும் மெதுவாக இருந்தால் ஒவ்வொருவரின் கணினியையும் மாற்றுவது தவறு. கணக்குத் தரவு பெரும்பாலும் மூலையில் இருக்கும் ஒரு பழைய கணினியில் கிடக்கும், மற்றவர்கள் அதைத்தான் நெட்வொர்க்கில் தொட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த ஒன்றில் எஸ்எஸ்டி போடுங்கள். பிறகு கேபிளைப் பாருங்கள். நெட்வொர்க் அமைப்பில் லிங்க் ஸ்பீடு 1000 என்று இருக்க வேண்டிய இடத்தில் 100 என்று இருந்தால், கேபிளுக்குள் ஒரு கம்பி அறுந்திருக்கலாம் அல்லது கேபிள்கள் வந்து சேரும் சுவிட்ச் பெட்டி பழையதாக இருக்கலாம். 1000க்கு உள்ளே இருக்கும் நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும், 100க்கு இரண்டு ஜோடி போதும். அதனால் ஒன்று அறுந்தாலும் இணைப்பு நிற்காது, சத்தமில்லாமல் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். 300 எம்பி கோப்பு 3 நொடியில் வர வேண்டியது 25 நொடிக்கு மேல் எடுக்கும். நாற்காலிச் சக்கரம் ஏறி ஏறி நசுங்கிய கேபிளுக்காக ஒருவர் புதுக் கணினி கேட்டுக்கொண்டிருப்பது வேதனையான விஷயம்.

இனி முதலாளிமார்களுக்கு ஒரு கணக்கு. மாதம் 2,600 ரிங்கிட் வாங்கும் கிராணியை எடுத்துக்கொள்வோம். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் முறைப்படி 26ஆல் வகுத்தால் நாளுக்கு 100 ரிங்கிட், 8 மணி நேர வேலைநாளில் மணிக்கு 12.50. கணினிக்காக நாளுக்கு அரை மணி காத்திருந்தால் 22 வேலைநாளில் 11 மணி நேரம், அதாவது மாதம் 137.50 ரிங்கிட், ஆண்டுக்கு 1,650. இது ஒருவருக்கு. சம்பளத்தில் வெளியே தெரியாமல் போய்க்கொண்டிருக்கும் பணம் இது. 2024 ஆகஸ்டு முதல் கட்டம் கட்டமாக வந்துள்ள இ-இன்வாய்ஸ் (மின்னணு விலைப்பட்டியல்) முறையால் கணினியில் செய்யும் வேலை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. வரிச் சலுகையும் இருக்கிறது. ஒவ்வொன்றும் 2,000 ரிங்கிட்டுக்கு மேற்போகாத சிறு மதிப்புச் சொத்துகளை வாங்கிய ஆண்டிலேயே முழுதாகக் கழித்துக்கொள்ளலாம். சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு மொத்த வரம்பு கிடையாது, மற்றவர்களுக்கு ஆண்டுக்கு 20,000 ரிங்கிட் வரை. அதற்கு மேல் விலையுள்ள கணினிச் சாதனங்களுக்கு 2024 வரி மதிப்பீட்டு ஆண்டிலிருந்து தொடக்கச் சலுகை 40 விழுக்காடு, ஆண்டுச் சலுகை 20 விழுக்காடு, மூன்று ஆண்டில் கழிந்துவிடும். உங்கள் கணக்காளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது ஏமாறும் இடங்களையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிது வந்தும் புகார் ஓயாத அலுவலகங்கள் இருக்கின்றன. கணினிக் கடைகள் உள்ள பினாங்கு கோம்தாரோ கோலாலம்பூர் லோயாட் பிளாசாவோ, எங்கே போனாலும் ஐ7 என்ற ஒட்டுவில்லையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஐ7-4770 என்பது 2013இல் வந்த 4ஆம் தலைமுறை, விண்டோஸ் 11க்குத் தகுதி இல்லை. பெயரில் சிறியதான ஐ3-8100க்குத் தகுதி உண்டு. மலிவான புது மடிக்கணினியில் 4 ஜிபி ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டு, 64 ஜிபி இஎம்எம்சி (அதே போல போர்டிலேயே பதித்த சேமிப்புச் சிப்) இருக்கும். அதில் எதையும் பிறகு கூட்ட முடியாது, விண்டோஸ் அப்டேட்டுக்கே இடம் போதாது. குத்தகை முடிந்து வரும் ரீகண்டிஷன் மேசைக் கணினி நல்ல தேர்வுதான்: 8ஆம் தலைமுறைக்கு மேல், 16 ஜிபி, 256 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் உரிமம், எழுத்தில் உத்தரவாதம். இவற்றை ரசீதிலேயே குறிக்கச் சொல்லுங்கள்.

ஊழியர்கள் கேட்கும் முறையையும் மாற்றிக்கொண்டால் பலன் கிடைக்கும். கணினி ரொம்ப ஸ்லோ என்று சொன்னால் முதலாளியால் அதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. ஐந்து வேலைநாள் குறித்து வையுங்கள்: சுவிட்சைத் தட்டியதிலிருந்து முதல் கோப்பு திறக்கும் வரை எத்தனை நிமிடம், கணக்கு மென்பொருள் திறக்க எத்தனை நொடி, நாளில் எத்தனை முறை உறைந்து நின்றது. சிபியுவின் எண், ரேம் அளவு, டிஸ்க் ஹெச்டிடியா (சுழலும் ஹார்ட் டிஸ்க்) எஸ்எஸ்டியா என்று எழுதி, நீங்கள் எடுத்த படத்தையும் இணைத்துக் கொடுங்கள். "டிஸ்க் காலை 8.40 முதல் 9.05 வரை 100 விழுக்காட்டில் நின்றது, சிபியு 8ஆம் தலைமுறை, எஸ்எஸ்டி போட்டால் போதும்" என்று வரும் கடிதத்தை மறுப்பது கடினம். "சிபியு 6ஆம் தலைமுறை, விண்டோஸ் 11 ஏறாது" என்றால் அதுவே மாற்றுவதற்கான காரணம். அதற்கு மேல் யாரும் கெஞ்ச வேண்டியதில்லை.

கழற்றிய பழைய டிஸ்க்கை இரண்டு வாரம் பத்திரமாக வைத்திருங்கள், விட்டுப்போன கோப்பு ஏதாவது நினைவுக்கு வரும். பிறகு அழியுங்கள். குயிக் ஃபார்மட் தரவை அழிக்காது, அட்டவணையை மட்டுமே துடைக்கும். விண்டோஸிலேயே உள்ள டிஸ்க்பார்ட் கருவியில் கிளீன் ஆல் என்ற கட்டளை கொடுத்தால் முழுதும் பூஜ்யம் எழுதும், 1 டிபிக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எந்த டிஸ்க்கைத் தேர்ந்திருக்கிறீர்கள் என்று இரண்டு முறை பார்த்த பிறகு கொடுங்கள். 2025 ஜூன் 1 முதல் தனிப்பட்ட தரவுக் கசிவை அறிவிப்பது சட்டப்படி கட்டாயம் என்பதால், பழைய இரும்புக்காரரிடம் டிஸ்க்கோடு சேர்த்துக் கொடுக்கும் பழக்கம் இனி ஆபத்து. மின்னணுக் கழிவு இந்நாட்டில் எஸ்டபிள்யூ110 என்ற குறியீட்டின் கீழ் பட்டியலிடப்பட்ட கழிவு, சுற்றுச்சூழல் துறையின் உரிமம் பெற்றவர்களிடம்தான் போக வேண்டும். அதுவரை ஒவ்வொரு டிஸ்க்கின் மேலும் எந்த மேசையுடையது, எந்தத் தேதியில் கழற்றியது என்று மார்க்கரால் எழுதி, பூட்டுள்ள அலமாரியில் வையுங்கள்.

இப்படிக்கு,
கணினிப் பழுதுபார்ப்புத் தொழிலில் உள்ள சிலர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு